புதுப்பிப்பு: பிறந்த குழந்தைக்கு வீட்டு மருந்துப் பெட்டியில் என்ன வைத்தோம்

மகள் பிறப்பதற்கு முன் வீட்டில் என்னென்ன மருந்து வாங்கி வைக்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது அவளுக்கு 7 வாரம்.

அதிகம் உதவியது, "முதலில் டிஜிட்டல் தெர்மாமீட்டர், மற்றதெல்லாம் அப்புறம்" என்ற யோசனைதான். மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே, வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்காமல் டாக்டரிடம் போக வேண்டும் என்றும் ஒருவர் சொல்லியிருந்தார். எங்கள் டாக்டரும் அதையேதான் சொன்னார். அடுத்தது மூக்கடைப்புக்கான உப்புநீர்ச் சொட்டு. பால் குடிக்க விடாமல் மூக்கு அடைத்த இரண்டு ராத்திரியும் அதில்தான் கழிந்தன.

எதிர்பாராதது பாராசிட்டமால் விஷயம். 6 வாரத் தடுப்பூசிக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் கொடுக்க, எடை (4.6 கிலோ) பார்த்து 0.5 மி.லி. சொட்டு மருந்து எழுதினார். கடையில் சிரப்பைக் கொடுத்துவிட்டார்கள். சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கு 100 மி.கி., அந்தச் சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. அதாவது நான்கு மடங்கு வித்தியாசம்! லேபிளைப் படித்ததால் மாற்றி வாங்கினோம். வைட்டமின் டி சொட்டிலும் 400, 800 யூனிட் என்று இரண்டு வகை உண்டு, பார்த்து வாங்குங்கள்.

கிரைப் வாட்டர் வேண்டாம் என்றார் டாக்டர். அம்மாவுக்குத்தான் வருத்தம், வசம்பாவது வைக்கிறேன் என்றார். வளையலாகக் கையில் கட்டிவிட்டோம், வாயில் கொடுக்கவில்லை.