கில்ரேயின் கேலிப் படங்களில் கண்ட உடைகள்

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அச்சோவியப் பிரிவில், முன்கூட்டியே அனுமதி பெற்றுச் செல்வோருக்கு மூலப் படிகளையே மேசைமீது வைத்துக் காட்டுகிறார்கள். ஆங்கிலேயக் கேலிச் சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரே 1796-இல் வரைந்த ‘நவநாகரிகத் தாய்’ என்ற படத்தை நான் அங்கேதான் நெருங்கிப் பார்த்தேன். தலையில் இறகு, கைகளில் கையுறை, ஒரு கையில் விசிறி, சன்னலுக்கு வெளியே புறப்படத் தயாராக நிற்கும் வண்டி; அந்தச் சீமாட்டி குழந்தையை அணைத்துக்கொள்ளவே இல்லை. பணிப்பெண் தூக்கிப் பிடித்திருக்க, சட்டையின் மார்புப் பகுதியில் விடப்பட்ட பிளவின் வழியாக அது பால் குடிக்கிறது. போதாக்குறைக்கு, பின்சுவரில் தாய்ப்பாசத்தைப் போற்றும் ஓவியம் ஒன்றை மாட்டி வைத்திருக்கிறார் மனிதர்!

நிக்கோலஸ் ஹைடலாஃப் 1794 முதல் 1803 வரை லண்டனில் வெளியிட்ட ‘கேலரி ஆஃப் ஃபேஷன்’ என்ற உடைநாகரிக இதழின் வண்ணத் தாள்களோடு இதை ஒப்பிட்டால், உயர்த்திய இடையும் மெல்லிய துணியும் இறகும் இரண்டிலும் ஒன்றே என்பது புலப்படும். ஆனால் ஹைடலாஃபின் தாள் தையற்காரருக்கும் வாங்குவோருக்கும் உரியது. அந்த உடைக்குள் இருந்தவள் எதை விட்டுக்கொடுத்தாள், எதற்கு அவசரப்பட்டாள் என்பதைக் கேலிக்காரர்தான் எழுதி வைத்தார்.

தலைமுடியில் தூவிக்கொள்ளும் மாவுப் பொடிக்கு 1795-இல் ஆண்டுக்கு ஒரு கினி (பழைய ஆங்கிலேயப் பொற்காசு) வரி விதிக்கப்பட்டபோதும் அப்படித்தான். அந்த ஒரு கினியை மிச்சப்படுத்தப் பொடியைக் கைவிடும் குடும்பத்தைக் கில்ரே உடனே வரைந்துவிட்டார். பொடி வழக்கொழிந்ததற்குப் பிரெஞ்சுப் புரட்சியின் தாக்கமும் கோதுமைத் தட்டுப்பாடும் காரணங்களாகச் சொல்லப்படுவதைப் பலமுறை படித்திருக்கிறேன். வரிச்செலவு வீட்டுக்குள் கிளப்பிய முணுமுணுப்பை இந்தப் படத்தில்தான் கண்டேன்.

எல்லாக் கேலிப் படங்களையும் இப்படி நம்பிவிட முடியாது. லண்டன் அச்சோவிய வெளியீட்டாளர் மேத்யூ டார்லி 1771-இல் வெளியிட்ட படமொன்றில், சிகையலங்காரர் ஏணியில் ஏறி நின்று ஒரு பெண்ணின் கொண்டையைச் சரிசெய்கிறார். அதன் உயரத்தை இன்னொருவர் மாலுமிகளின் கருவியால் அளக்கிறார். உயரமான கொண்டை அன்று உண்மையிலேயே நாகரிகமாக இருந்தது, பஞ்சணையும் ஒட்டுமுடியும் வைத்து எழுப்பினார்கள் என்பதும் உண்மை. ஏணி மட்டும் டார்லியின் சரக்கு.