கோடிங் தெரியாம கைத்தறிக்கு ஆன்லைன் மார்க்கெட் பிளேஸ் ஆரம்பிக்க முடியுமா?

தறிச்சத்தம்:
வணக்கமுங்க. ஊர் சென்னிமலை பக்கம், ஒரு மில்லுல அக்கவுண்ட்ஸ் வேலை. சுத்தி இருக்கிற நெசவாளர்கள் பெட்ஷீட், துண்டு எல்லாத்தையும் ஏவாரிகிட்ட அடிமாட்டு விலைக்கு குடுத்துட்டு இருக்காங்க, அவங்களே நேரா விக்கிற மாதிரி ஒரு சைட் போடணும்னு ரொம்ப நாளா ஆசை. கோடிங் சுத்தமா தெரியாது. டெவலப்பர்கிட்ட கேட்டா லட்சக்கணக்குல சொல்றாங்க. வழி இருக்குங்களா?

கோவை ராசா:
தாராளமா முடியும் ப்ரோ, ஆனா சைட்டுல ஆரம்பிக்காதீங்க. டன்சோன்னு ஒரு டெலிவரி கம்பெனி, பெங்களூருல வெறும் வாட்ஸ்அப் வச்சுதான் ஆரம்பிச்சாங்க, ஆப் எல்லாம் அப்புறம்தான். முதல்ல நாலஞ்சு நெசவாளர் போதும், வாட்ஸ்அப் பிசினஸ்ல கேட்டலாக் போடுங்க, ஸ்டாக் கணக்கு கூகுள் ஷீட்ல, பொருள் வாங்குறவங்க காசை நேரா நெசவாளர் ஜிபேக்கே போடட்டும். பெரிய தலைவலி ஸ்டாக்தான், நீங்க போட்டோ போட்ட அதே பெட்ஷீட்டை அவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவங்களுக்கு வித்துருப்பாரு, இங்க ஆர்டர் வந்து நிக்கும். அதனால கேட்டலாக்ல போட்ட பீஸை தனியா கட்டி வைக்க சொல்லுங்க. போட்டோ பகல் வெளிச்சத்துல எடுங்க, ட்யூப்லைட்ல மெரூன் வேற கலரா தெரிஞ்சு ரிட்டர்ன் வரும்.

பிளக்இன் பிரியன்:
ஆர்டர் நல்லா ஓட ஆரம்பிச்சதும் கோடிங் இல்லாம சைட் போட வேர்ட்பிரஸ், அதுல கடை வைக்க வூகாமர்ஸ், அதுக்கு மேல பல பேர் விக்கிறதுக்கு டோகான்னு ஒரு பிளக்இன் (கூடுதலா சேர்த்துக்கிற சாஃப்ட்வேர்). நெசவாளர் ஒவ்வொருத்தருக்கும் தனி லாகின் வரும். ஷாப்பிஃபைன்னு இன்னொரு ஆன்லைன் கடை சர்வீஸ் இருக்கு, அது அடிப்படையில ஒரே கடைக்காரருக்கானது, பல பேர் விக்கணும்னா தனி ஆப் போடணும். ஷேர்ட்ரைப்ங்கிற சர்வீஸ் மார்க்கெட் பிளேஸுக்குன்னே செஞ்சது, ஆனா மாசாமாசம் டாலர்ல கட்டணும். காசை உங்க சேவிங்ஸ் அக்கவுண்ட்ல வாங்கி பிரிச்சு குடுக்குற வேலையே வேணாம், ரேசர்பே ரூட் மாதிரி காசை பிரிச்சு அனுப்புற பேமெண்ட் சர்வீஸ் ஒண்ணு வச்சா கமிஷன் உங்களுக்கும் மீதி நெசவாளருக்கும் தானா போயிரும்.

ஆடிட்டர் அக்கா:
தம்பி, வரி விஷயத்தை முதல்லயே பாத்துக்கோங்க. சைட் வழியா காசு வாங்கி மத்தவங்க பொருளை வித்தா டர்ன்ஓவர் எவ்வளவு கம்மியா இருந்தாலும் உங்களுக்கு ஜிஎஸ்டி ரெஜிஸ்ட்ரேஷன் கட்டாயம். ஜிஎஸ்டி நம்பர் உள்ள நெசவாளர் விற்பனையில டிசிஎஸ், அதாவது அவங்களுக்கு போற காசுல சைட்காரர் பிடிச்சு அரசுக்கு கட்டுற வரி, பிடிக்கணும், 2024 ஜூலை 10ல இருந்து அது 0.5%, முன்னாடி 1% இருந்துச்சு. அடுத்த மாசம் 10ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-8ங்கிற டிசிஎஸ் கணக்கு ரிட்டர்ன் போடணும். நம்பர் இல்லாத சின்ன நெசவாளரும் 2023 அக்டோபர்ல இருந்து விக்கலாம், ஜிஎஸ்டி போர்ட்டல்ல என்ரோல்மெண்ட் நம்பர் மட்டும் வாங்கணும், ஆனா மாநிலத்துக்குள்ள மட்டும்தான். பெங்களூரு ஆர்டரை அவங்க பேர்ல அனுப்ப முடியாது.

தறிச்சத்தம்:
ரொம்ப நன்றிங்க அக்கா, இந்த மாநில விஷயம் யாருமே சொல்லல. அப்ப முதல்ல ஈரோடு, கோவை, திருப்பூருக்குள்ள வாட்ஸ்அப்ல ஓட்டி பாக்குறேன். கூரியர்ல பெட்ஷீட்டுக்கு எடையா, பெட்டி சைஸா, எதை வச்சு காசு போடுவாங்க?

கோவை ராசா:
ரெண்டுல எது அதிகமோ அது. நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டர்ல பெருக்கி பெரும்பாலும் 5000ஆல வகுப்பாங்க, வர்றதுதான் பெட்டி சைஸுக்கான கிலோ கணக்கு. அட்டைப்பெட்டி வேணாம், இறுக்கி மடிச்சு கூரியர் கவர்ல போடுங்க.