புதுப்பிப்பு: எங்கள் ஊர் ஓடையில் மின்சாரம்

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊர்ச் சமுதாயக்கூடத்துக்குச் சோலார் போடுவதா, ஓடையில் சின்ன டர்பைன் வைப்பதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். "முதலில் அளந்து பாருங்கள்" என்றீர்கள். அளந்துவிட்டோம். 20 லிட்டர் வாளி நிறைய 4 விநாடி. அதாவது விநாடிக்கு 5 லிட்டர். கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக இறங்கியதில் 20 மீட்டர் உயர வித்தியாசம். இரண்டையும் பெருக்கி, புவியீர்ப்புக்கான 9.81ஆலும் பெருக்கினால் ஏறக்குறைய 980 வாட். பாதி வீணானாலும் 490 தேறும்.

நான் குதித்துக்கொண்டிருக்க, தேயிலை பறிக்கும் அக்கா ஒருவர், "ஐப்பசி மழையில அளந்தா அப்படித்தான் தம்பி. மாசியில வாளிய வைங்க, பார்ப்போம்" என்றார். அட, ஆமாம்! இதே மலையில் 1932இல் தொடங்கிய பைக்காரா மின்நிலையத்துக்குத் தண்ணீரைத் தேக்கிவைக்க அணை இருக்கிறது; எங்களிடம் வாளிதான்.

மாசியில் மறுபடி அளந்த பிறகே ஊர்க்கூட்டம். அதுவரை கூரையில் வெயில் விழும் நேரத்தைப் பசங்க நோட்டில் குறிக்கிறார்கள்.