பூட்டு போட்ட மின்னூலை வாசித்துக் காட்டும் செயலி எது?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். அம்மாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. அவருக்காகக் காசு கொடுத்து வாங்கிய மின்னூல்கள் எல்லாம் நகலெடுப்பதைத் தடுக்கும் அடோபி நிறுவனத்தின் பூட்டு (டிஆர்எம்) போட்டவை. வாங்கியதும் இறங்குவது ஏசிஎஸ்எம் என்ற குட்டிக் கோப்புதான், அதில் புத்தகம் இருக்காது. அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் என்ற வாசிப்பு மென்பொருளில் திறந்த பிறகுதான் புத்தகம் ஈபப் என்ற மின்னூல் கோப்பாக வந்து சேர்கிறது, அதுவும் நம் அடோபி கணக்கோடு பிணைந்து. அதே ஈபப்பை அம்மா பழகிய வாசிப்புச் செயலியில் போட்டால் பிழைச்செய்திதான் வருகிறது. முறையாக வாங்கியவருக்கே இந்தக் கதவடைப்பு என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அடோபி கணக்கை ஏற்று, தமிழில் உரக்க வாசிக்கும் ஆண்ட்ராய்டு செயலி எதையாவது யாராவது பயன்படுத்துகிறீர்களா? பூட்டுக்குப் பதில் வாங்குபவர் பெயரை மட்டும் நீர்க்குறியாகப் பதித்து விற்கும் பதிப்பகங்கள் தெரிந்தாலும் சொல்லுங்கள், இனி அங்கேயே வாங்கிக்கொள்கிறேன்.