‘ஷீட்’ என்றால் பாய் இல்லை: ஒரு கடற்போர் நாவலை அத்தியாயம் அத்தியாயமாகப் படித்த அனுபவம்

பேட்ரிக் ஓ'பிரையனின் ‘மாஸ்டர் அண்ட் கமாண்டர்’ நாவலை முதல் தடவை ஐந்தே நாளில் முடித்துவிட்டேன். சண்டை வரும் இடங்களை விழுந்து விழுந்து படித்தேன், கப்பலின் கயிறும் பாயுமாக வரும் பத்திகளைத் தாண்டிப் போனேன். யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்தது. எப்படி ஜெயித்தார்கள் என்று ஒருவர் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அது உறுத்திக்கொண்டே இருந்ததால், ஒரு நண்பரோடு சேர்ந்து வாரத்துக்கு ஓர் அத்தியாயம், புரியாத சொல்லைத் தாண்டக் கூடாது என்று முடிவு செய்து மறுபடி ஆரம்பித்தோம்.

1800ஆம் ஆண்டு, மினோர்கா தீவின் போர்ட் மஹோன். ஒரு கச்சேரியில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜாக் ஆப்ரி தன்னை மறந்து தாளம் போட, பக்கத்து நாற்காலியிலிருந்து டாக்டர் ஸ்டீபன் மாத்துரின் முழங்கையால் இடிக்கிறான். இதில் எந்தச் சிரமமும் இல்லை. கப்பலில் ஏறிய பிறகுதான் திணறல். ‘ஷீட்’ என்ற சொல்லை நான் பாய் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். ஷீட்டை அவிழ்த்துவிட்டார்கள் என்று வந்தால், பாய் கழன்று கடலில் பறப்பதாக மனதில் ஒரு படம் ஓடும். இரண்டு நாள் அந்தப் பக்கத்திலேயே நின்றோம், எதுவும் பொருந்தவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, ஷீட் என்பது பாயின் கீழ் மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு. அதை விட்டால் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், காற்று பிடிக்காது, கப்பலின் வேகம் குறையும்.

நண்பர் தமிழ் அகராதியைப் புரட்டி, அந்தக் கயிற்றுக்கு நம்மிடம் ‘தாமான்’ என்று ஒரு சொல் இருக்கிறது என்றார். எனக்கு அது பெரிய சந்தோஷம். பாயை ஏற்றி இறக்கும் கயிறு ஆஞ்சான், பாய்மரத்தில் குறுக்கே நின்று பாயைத் தாங்கும் மரம் பருமல், முன்பக்கம் அணியம். இந்தச் சொற்களைப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே போனதில் கப்பல் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. நாவலிலும் ஸ்டீபனுக்குக் கடல் புதிது, அவனைப் பாய்மரத்தின் மேலே கூட்டிப்போய் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். முதல் தடவை நான் தாண்டிய பத்தி அதுதான்! அங்கேதான் பாடமே இருக்கிறது.

இன்னொரு பழக்கம் ரொம்ப உதவியது. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு தாளில் காற்றுக்கு ஓர் அம்புக்குறி போட்டு, கப்பலை அதற்குக் கீழே வரைவோம். குறுக்குப் பாய் கட்டிய கப்பல், காற்று வரும் திசைக்குச் சுமார் 67 டிகிரி தள்ளித்தான் போக முடியும், அதற்குமேல் நெருங்க முடியாது. இது தெரிந்ததும் துரத்தல் காட்சிகள் எல்லாம் மாறிவிட்டன. காற்று வரும் பக்கம் நிற்பவன்தான் எப்போது மோதுவது என்று முடிவு செய்கிறான், காற்று போகும் பக்கம் இருப்பவன் காத்திருக்க வேண்டும்.

சரி, நடுநாயகமான சண்டைக்கு வருகிறேன். ஜாக்கின் சின்னக் கப்பல் சோஃபி, தன்னைவிடப் பெரிய ஸ்பானியக் கப்பல் காக்காஃபுவேகோவைத் தாக்குகிறது. கதாசிரியரின் கற்பனை அளவு மீறிவிட்டது என்றே முதலில் நினைத்தேன். ஆனால் இது நிஜத்தில் நடந்தது. 1801 மே 6ஆம் தேதி, பார்சிலோனா அருகே, பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி தாமஸ் காக்ரேன் தன் ஸ்பீடி கப்பலில் 54 பேரோடு போய், 319 பேர் இருந்த ஸ்பானியக் கப்பல் எல் காமோவைப் பிடித்தார். ஸ்பீடியில் 14 பீரங்கிகள், ஒவ்வொன்றும் 4 பவுண்டு குண்டு போடுவது. ஒரு பக்கத்தில் ஏழு, ஆக ஒரு தடவை சுட்டால் 28 பவுண்டு, 13 கிலோகூட இல்லை. எதிரில் 190 பவுண்டு. தாளில் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு இருவரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

காக்ரேன் விலகி நிற்காமல் எதிரியின் விலாவோடு ஒட்டிப்போனார். ஸ்பானியப் பீரங்கிகள் உயரத்தில் இருந்ததால் குண்டுகள் தலைக்கு மேலே போயின, ஸ்பீடியின் குண்டுகள் கீழிருந்து மேலே தளத்தைப் பிளந்தன. ஸ்பானியர்கள் ஏறிக் குதிக்க வரும்போதெல்லாம் கப்பலைச் சற்றே விலக்கினார்கள், கடைசியில் இவர்களே ஏறிக் குதித்தபோது சுக்கானைப் பிடித்து நின்றவர் கப்பலின் டாக்டர். ஸ்பீடியில் 3 பேர்தான் இறந்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு அந்த அத்தியாயத்தை மறுபடி படித்தபோது, அவர்கள் எதிரியை நெருங்கும் சில பக்கங்கள் நெஞ்சு படபடக்க வைத்தன.

நாவலை இன்னும் படிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தவிர்த்துவிடுங்கள், முடிவு அதில் வருகிறது.

கடைசியில் வரும் 1801 ஜூலைப் போர்களில் இரண்டாவதை ஜாக் ஜிப்ரால்டர் கரையில் நின்று பார்க்கிறான், பிடிபட்டு வாக்குறுதியின் பேரில் வெளியே விடப்பட்ட கைதியாக. முதல் வாசிப்பில் எனக்கு இது ஏமாற்றமாக இருந்தது. இந்தத் தடவை அம்புக்குறியும் தாளுமாக உட்கார்ந்திருந்த எனக்கு, காற்று எந்தப் பக்கம், எந்தக் கப்பல் வெளியேற முடியும், எது மாட்டும் என்று அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தெரிந்தது, அவனைப் போலவே ஒன்றும் செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.