முன் சைட்டுக்குக் கரி பிடிப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ரைபிளிலோ பிஸ்டலிலோ ஓப்பன் சைட்டில் (லென்ஸ் இல்லாமல், குழல் நுனியில் உள்ள முன் சைட்டைப் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் வைத்துக் குறி பார்ப்பது) சுடுகிறவர்கள், வெயிலில் சைட் பளபளப்பதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? நான் புகைக்கரி படியவைத்து மறைக்கிறேன். முதலில் என் கதை.

100 மீட்டர் ரேஞ்ச், வெயில் இடப்பக்கத்திலிருந்து. குரூப் (இலக்கில் குண்டுகள் பட்ட இடங்களின் கூட்டம்) இறுக்கமாகத்தான் விழுந்தது, ஆனால் மொத்தமாக வலப்பக்கம் தள்ளி. சைட்டைத் திருகலாமா என்று யோசிக்கும்போதே பக்கத்து லேனில் இருந்த பெரியவர், "தொடாதே தம்பி, மேகம் மறைக்கட்டும், அப்புறம் சுட்டுப் பார்" என்றார். மேகம் மறைத்தது, குரூப் நடுவுக்கு வந்தது. வெயில் திரும்பியதும் மறுபடி வலப்பக்கம்!

என் முன் சைட்டின் விளிம்புகளில் கருப்பு தேய்ந்து இரும்பு வெளுத்திருந்ததை அவர்தான் காட்டினார். வெயில் பட்டால் அந்த இட விளிம்பு மின்னுகிறது. கண் மின்னும் விளிம்பையே சைட்டாக எடுத்துக்கொள்ள, குழல் நமக்குத் தெரியாமல் வலப்பக்கம் நகர்கிறது. இரண்டு சைட்டுக்கும் இடையே 800 மி.மீ. என்றால், முன் சைட்டில் 0.1 மி.மீ. பிசகினாலே 100 மீட்டரில் 12.5 மி.மீ. தள்ளிப் போகும்.

பெரியவர் போல்ட்டைத் திறந்து சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று எனக்கும் காட்டிவிட்டு, தோட்டாக்களைத் தூர வைக்கச் சொன்னார். ரேஞ்ச் ஆபீசரிடம் கேட்டுக்கொண்டு ஒரு சின்னக் கற்பூரத்தைக் கொளுத்தி, சுடர் நுனியிலிருந்து எழும் புகையில் முன் சைட்டை ஓரிரு நொடி காட்டினார். அவ்வளவுதான். விளிம்பு, மேல்முனை எல்லாம் ஒரே கருப்பு. அதன்பின் வெயில் வந்தாலும் போனாலும் குரூப் நகரவில்லை. அன்றிலிருந்து கரி பிடிக்காமல் நான் சுடுவதில்லை.

* * *

நண்பரே, எனக்கு நேர்மாறாக, வெயில் வரும் பக்கமே குண்டு போகும். வெளிறிய இலக்குப் பின்னணியில் மின்னும் விளிம்பு கரைந்து, மிச்சக் கருப்பு மட்டும்தான் என் கண்ணுக்குச் சைட்டாகத் தெரியும். அதை நடுவில் வைத்தால் குழல் வெயில் பக்கம் திரும்பிவிடும். ஒரே ரைபிளை இரண்டு பேர் சுட்டு, ஒருவர் இடம் என்றும் மற்றவர் வலம் என்றும் சண்டை போடுவதை நானே பார்த்திருக்கிறேன். இருவர் சொன்னதும் சரிதான்.

நான் பழகியது கார்பைடு விளக்கில். கால்சியம் கார்பைடில் தண்ணீர் சொட்டினால் அசிட்டிலின் வாயு வரும். திறந்த சுடராக எரியும்போது அது கொட்டும் கரியை வேறெதிலும் நான் பார்த்ததில்லை, அத்தனை மென்மை, அத்தனை அடர்த்தி. மெழுகுவர்த்தியும் முயன்றேன், எனக்குப் பிடிக்கவில்லை. எரியாத மெழுகும் சேர்ந்து படிந்து லேசாக மினுக்கும், கையில் ஒட்டும். கார்பைடு என்றால் திறந்த வெளியில் மட்டும். மூடிய அறையில் அந்த வாயு சேர விடாதீர்கள்.

ஒரு முக்கியமான விஷயம். கரி பிடிக்குமுன் சைட்டில் எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக் கூடாது. ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துக் காயவிட்ட பிறகுதான் தீ. அடியில் எண்ணெய் இருந்தால் கரி திட்டுத்திட்டாக ஈரமாகப் படியும், பளபளப்பு அப்படியே இருக்கும்.

* * *

நான் பிஸ்டல் ஆள். பலரும் மார்க்கர் பேனாவால் தீட்டுகிறார்கள். நிழலில் கருப்பாகத்தான் இருக்கும், வெயிலில் பிடித்துப் பாருங்கள், ஊதா மினுமினுப்பு வரும். புது ரைபிளின் புளூயிங்கும் (இரும்புக்கு ஏற்றும் கருநீல மெருகு) அப்படித்தான்: நிறம் கருப்பு, மேற்பரப்பு வழவழப்பு, அதனால் ஒளியைத் திருப்பி அடிக்கும். நமக்குக் கருப்பு நிறத்தை விட, ஒளியடிக்காத மங்கலான மேற்பரப்புதான் முக்கியம். கரி நுண்ணிய துகள்களின் குவியல். விழுகிற ஒளி அதற்குள் சிக்கிக்கொள்கிறது, வெளியே வருவது சொற்பம்.

பிஸ்டலில் சைட்டுகளின் இடைவெளி குறைவு என்பதால் இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. 150 மி.மீ. இடைவெளியில் அதே 0.1 மி.மீ. பிசகு 25 மீட்டரில் ஏறக்குறைய 17 மி.மீ.! நான் இப்போது சைட் பிளாக் ஸ்பிரே (சைட்டை மங்கலான கருப்பாக்கும் ஸ்பிரே) அடிக்கிறேன். தீ வேண்டாம், நிமிடத்தில் காயும், துணியால் துடைத்தால் போய்விடும். ஃபைபர் ஆப்டிக் சைட்டோ (ஒளியை வாங்கி மின்னும் இழை பதித்தது) பிளாஸ்டிக் சைட்டோ வைத்திருப்பவர்கள் தீயை அருகிலேயே கொண்டு போகாதீர்கள், உருகிவிடும்.

* * *

பின் சைட்டை யாரும் சொல்லவில்லையே. நம் கண்ணைப் பார்த்திருக்கும் முகமும், பள்ளத்தின் உள் விளிம்புகளும் மின்னினால் முன் சைட்டின் இருபுறமும் தெரியும் ஒளிக்கீற்றுகள் ஒன்றுபோல் இருக்காது. வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும் நாளில் இதுதான் பெரிய தொல்லை. இரண்டுக்கும் கரி பிடியுங்கள். முன் சைட்டைச் சுற்றி மறைக்கும் டனல் (குழாய் போன்ற மூடி) இருந்தாலும், தாழ்ந்த வெயில் உள்ளே நுழையத்தான் செய்யும்.

கரி பிடித்த ரைபிளை அப்படியே உறையில் செருகாதீர்கள், ஒரே உரசலில் போய்விடும். கடைசி ரவுண்ட் முடிந்ததும் கரியைத் துடைத்துவிட்டு, கையோடு மெல்லிய எண்ணெய் பூசுங்கள். ஸ்பிரிட் போட்டுப் பசை நீக்கிய வெற்று இரும்பு அது. ஈரக் காற்றில் ஒரே இரவில் துரு பிடிக்கும்.