மறு: லோக்கல் லூப் அன்பண்ட்லிங் – ‘வளையப் பிரிப்பு’ சரிவருமா?

அன்பர்களுக்கு வணக்கம். பழைய தொலைபேசி நிறுவனத்தின் கம்பியைப் போட்டி நிறுவனங்களும் வாடகைக்கு எடுத்து வீடுகளுக்குச் சேவை தர விடுவதே ‘லோக்கல் லூப் அன்பண்ட்லிங்’. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் மடலாடலில் ஒருவர் எழுதியது:

> ‘உள்ளூர் வளையப் பிரிப்பு’ என்று வைக்கலாம். மூலச்சொல்லுக்கு நேராக இருக்கிறது.

நேராக இருப்பதுதான் சிக்கல். தொலைபேசி நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் இரட்டைச் செப்புக் கம்பி மின்சுற்றாக அமைவதால் ஆங்கிலத்தில் ‘லூப்’ என்றார்கள். தமிழில் வளையம் என்றால் யாருக்கும் கம்பி நினைவுக்கு வராது. ‘கடைக்கம்பி’ என்று எழுதிப் பார்த்தேன், வீட்டில் “எந்தக் கடையில் விற்கிறது?” என்று கேட்டார்கள். ‘வீட்டுத்தடம்’ போதும். நாளை செம்பு போய்க் கண்ணாடி இழை வந்தாலும் நிற்கும்.

‘பிரிப்பு’தான் எனக்கு உறுத்துகிறது. இங்கே எதையும் யாரும் பிரிப்பதில்லை. கம்பி பழைய நிறுவனத்துடையதுதான். ஒழுங்காற்று ஆணையம் நிர்ணயிக்கும் வாடகைக்குப் போட்டியாளரும் அதில் சேவை தரலாம், அவ்வளவுதான். உண்மையான பிரிப்பு வேறு. பிரிட்டனில் பழைய தொலைபேசி நிறுவனமான பி.டி. 2006 ஜனவரியில் கம்பிகளைக் கவனிக்கும் பிரிவை ஓப்பன்ரீச் என்று தனியாக இயங்க வைத்ததே, அதுதான் பிரிப்பு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் அந்த வரலாற்றைத் தமிழில் எழுதவே முடியாது. ‘கட்டவிழ்ப்பு’ம் வேண்டாம், அதை இலக்கியத் திறனாய்வாளர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள்.

என் பரிந்துரை ‘வீட்டுத்தடத் திறப்பு’. வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்: “2004-இல் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்காற்று ஆணையமான டிராய் வீட்டுத்தடத் திறப்பைப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த அகலப்பட்டைக் கொள்கை அதைக் கட்டாயமாக்காமல், வணிக ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டது.” சரியாகத்தானே இருக்கிறது?

----

பாரிசிலிருந்து வணக்கம்.

வீட்டுத்தடம் நல்ல சொல். ஆனால் ஐயா, யாழ்ப்பாணத்தாருக்குத் திறப்பு என்றால் சாவி! ‘வீட்டுத்தடத் திறப்பு’ என்று படித்ததும் என் கை சட்டைப்பைக்குப் போய்விட்டது.

இன்னொன்று. இங்கே இது சட்டப் புத்தகச் சொல் மட்டுமல்ல. 2002-இல் ஃப்ரீ நிறுவனம் மாதம் 29.99 யூரோவுக்கு இணையம் தர வந்த பிறகு, பழைய தொலைபேசி நிறுவனமான பிரான்ஸ் டெலிகாமின் கம்பியை வாடகைக்கு எடுத்துத்தான் ஊர் ஊராக விரிந்தது. அப்போது உங்கள் முகவரி ‘தேக்ரூப்பே’ (அதாவது அன்பண்ட்லிங்) ஆன பகுதியா இல்லையா என்பதைப் பொறுத்து விலையும் வசதியும் மாறின. ஆகவே பெயர்ச்சொல் மட்டும் போதாது, அடையாகவும் நிற்க வேண்டும். ‘விடுவிப்பு’ என்றால் என்ன? ‘தடம் விடுவித்த பகுதி’, ‘விடுவிக்காத பகுதி’ என்று எளிதாகச் சொல்லலாம்.

----

சாவி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை! ‘வீட்டுத்தட விடுவிப்பு’க்கே என் வாக்கு. அப்புறம், குரல் அழைப்புச் சேவையைப் பழைய நிறுவனமே வைத்துக்கொண்டு, அதே கம்பியின் உயர் அதிர்வெண்களை மட்டும் மற்றவருக்குத் தரும் வகை ஒன்று உண்டு. அதற்குப் ‘பகிர்வு விடுவிப்பு’, மொத்தமாகத் தருவதற்கு ‘முழு விடுவிப்பு’ என்று குறித்துக்கொள்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.